மோசடி என்று எழுதும் முன்

அன்புள்ள இளம் வழக்கறிஞருக்கு,

வீடு கட்டித் தருவதாக 5 லட்சம் முன்பணம் வாங்கிய கான்ட்ராக்டர் அஸ்திவாரத்தோடு வேலையை நிறுத்திவிட்டார் என்று ஒரு கட்சிக்காரர் வருகிறார். "அவனை உள்ளே வைக்கணும் சார்" என்கிறார். உடனே 'ஆரம்பம் முதலே ஏமாற்றும் உள்நோக்கத்தோடு' என்ற வழக்கமான வரி புகாரில் ஏறிவிடும். அந்த வரிக்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? ஒப்பந்த மீறல், கவனக்குறைவு, குற்றம் மூன்றையும் கல்லூரியில் தனித்தனித் தாள்களாகப் படித்தீர்கள். ஒரே கட்டட வேலையில் மூன்றும் கலந்து வரும். எதை நிரூபிக்க வேண்டும், கிடைக்கப்போவது பணமா தண்டனையா என்பதெல்லாம் நீங்கள் எதைப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவில் நஷ்டஈடு கேட்க, கான்ட்ராக்டரின் மனதுக்குள் புக வேண்டியதில்லை. ஒப்பந்தம் இருந்தது, மீறப்பட்டது, அதனால் இவ்வளவு நஷ்டம் என்று காட்டினால் போதும். எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் சிவில் நீதிமன்றம் பார்க்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு (பழைய 420 இப்போது இதற்குள்தான்) அப்படியல்ல. பணத்தை வாங்கிய அந்த நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும்; பின்னால் சொன்ன சொல் தவறினார் என்பது மட்டும் மோசடி ஆகாது என்று 2000-இல் ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே தோண்ட வேண்டிய இடம் முன்பணம் கைமாறிய நாள். அன்று போலி அனுமதி வரைபடத்தைக் காட்டினாரா, இல்லாத உரிமத்தை இருப்பதாகச் சொன்னாரா? அப்படி ஏதும் இல்லையென்றால், அவர் போட்ட அஸ்திவாரமே அவருக்குச் சாட்சி சொல்லும்.

அதே இடத்தில் சாரம் சரிந்து தெருவில் போனவர் காயப்பட்டால், அவருக்குக் கான்ட்ராக்டரோடு ஒப்பந்தம் எதுவும் கிடையாது. ஆனாலும் நஷ்டஈடு கேட்கலாம். ஒப்பந்தம் இல்லாதவரிடத்திலும் கவனமாக இருக்கும் கடமை உண்டு என்பதற்கு 1932-இன் டொனஹ்யூ வழக்கைப் படித்திருப்பீர்கள். காயப்பட்டவர் இறந்தால் நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு வரும். அங்கேயும் சாதாரணக் கவனக்குறைவு போதாது. அது மிக மோசமானதாக இருக்க வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ என்ற மருத்துவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

"சிவில் வழக்கு இழுத்தடிக்கும், ஸ்டேஷனுக்குப் போனால் பணம் சீக்கிரம் வரும்" என்பார்கள் சீனியர்களிலேயே சிலர். சிவில் வழக்கு தாமதமாவது உண்மை. ஒரே செயல் ஒப்பந்த மீறலாகவும் குற்றமாகவும் இருக்க முடியும் என்பதும் உண்மை. 2006-இன் இந்தியன் ஆயில் வழக்குத் தீர்ப்பு அதை ஒப்புக்கொண்டது. சிவில் தகராறுகளுக்குக் கிரிமினல் சாயம் பூசும் போக்கைக் கண்டித்ததும் அதே தீர்ப்புதான். வணிகத் தகராறுகளில் எஃப்.ஐ.ஆர். போடுமுன் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. எனவே நீங்கள் எண்ணும் வேகமும் நிச்சயமில்லை. எஃப்.ஐ.ஆர். பதிவானாலும், எதிரி உயர் நீதிமன்றம் போய் அதை ரத்து செய்யக் கேட்பார். கான்ட்ராக்டர் கொடுத்த காசோலை திரும்பியிருந்தால் கதை வேறு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு அதற்கென்றே இருக்கிறது. வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போய்விட வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒப்பந்த மீறலுக்கு நஷ்டஈடு கேட்கக் காலவரம்பு 3 ஆண்டு. காவல் நிலையத்துக்கு அலைந்த காலத்தை அதிலிருந்து யாரும் கழித்துத் தர மாட்டார்கள். புகார் ரத்தாகித் திரும்பும்போது 3 ஆண்டு கடந்திருந்தால், ஜெயிக்க வேண்டிய சிவில் வழக்கையும் கட்சிக்காரர் இழந்து நிற்பார். ஆகவே முன்பணம் கொடுத்த தேதி, வேலை நின்ற தேதி இரண்டையும் கட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். புகாரா, வழக்கா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.