சீனி மனத்தைக் கட்டுப்படுத்துமா?

என் அப்பாவுக்கு இனிப்பு நீர் நோய். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். நான் ஆறாம் படிவத்தில் இருந்தபோது ஒரு மாலை, காரணமே இல்லாமல் என்மீது சீறி விழுந்தார். நெற்றியெல்லாம் வியர்வை; கையில் நடுக்கம். அம்மா அவர் விரலில் குத்தி இரத்தத்தைச் சோதித்தார். 3.1 மில்லிமோல்! சீனி கரைத்த நீரைக் குடித்த கால் மணி நேரத்தில், “சாப்பிட்டியாம்மா?” என்று என்னைக் கேட்டார் அதே அப்பா.

பல்கலைக்கழகத்தில் உளவியல் பாடம் எடுத்தபோது, மேத்தியூ கேலியட்டும் ரோய் பௌமைஸ்டரும் மற்றவர்களும் அமெரிக்காவில் 2007-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். மனத்தை அடக்கிச் செய்யும் வேலை இரத்தத்திலுள்ள சீனியைக் குறைக்கிறதாம். சீனி கலந்த எலுமிச்சைப் பானம் அதை ஈடுகட்டுகிறதாம். செயற்கை இனிப்பு கலந்த பானத்துக்கு அந்தப் பலன் இல்லையாம். அப்பாவின் அந்த மாலை நினைவுக்கு வந்தது, உடனே நம்பிவிட்டேன். தேர்வுக் காலத்தில் நாளுக்கு நான்கு தே தாரிக்!

மறுப்புகளைப் பிறகுதான் படித்தேன். கடினமாகச் சிந்திப்பதால் மூளை முழுமையும் பயன்படுத்தும் குளுக்கோஸ் மிகச் சிறிதளவே மாறுகிறது என்று 2010-இல் ராபர்ட் கர்ஸ்பன் சுட்டிக்காட்டினார். 2012-இல் டேனியல் மோல்டன் குழுவினர் செய்த சோதனைதான் என்னை மிகவும் கவர்ந்தது. இனிப்பு நீரை விழுங்காமல், வாயைக் கொப்பளித்துத் துப்பியவர்களுக்கும் மனக்கட்டுப்பாடு கூடியது. வயிற்றுக்கே போகாத சீனி எப்படி எரிபொருளாகும்? மனவுறுதி தீர்ந்துபோகும் என்று நம்புவோருக்கு மட்டுமே சீனிப் பானம் உதவியதாக 2013-இல் வெரோனிக்கா ஜாப், கேரல் டுவெக் முதலியோர் எழுதினர். 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, 2,000-க்கும் மேற்பட்டோரைச் சோதித்தபோது, மனவுறுதி தீரும் என்ற விளைவே ஏறத்தாழச் சுழியமாக இருந்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை.

அப்படியென்றால் அப்பாவின் கோபம்? அது உண்மைதான். இரத்தத்திலுள்ள சீனி மிகவும் இறங்கினால் மூளைக்கே தட்டுப்பாடு. எரிச்சலும் குழப்பமும் அதன் அறிகுறிகள். நான் செய்த தவறு, அவருடைய நோயின் அளவுகோலை என் சோம்பலுக்குப் பயன்படுத்தியது. விடுமுறையில் அப்பாவின் கருவியிலேயே சோதித்துப் பார்த்தேன். மூன்று மணி நேரம் பழைய தேர்வுத்தாள் செய்வதற்கு முன் 5.2, பின் 5.0. (ஒருத்தியின் விரல் ஆய்வாகாது என்பது தெரியும்.)

“பெற்றோருக்கு இருந்தால் உனக்கும் வர வாய்ப்பு அதிகம், பார்த்துக்கொள்,” என்றார் அம்மா.

இப்போது விடுதிச் சிற்றுண்டிக் கடையில் தே ஓ கோசோங்தான் கேட்கிறேன். கடைக்கார அண்ணன் இன்னமும், “சீனி வேணாமா?” என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுத்தான் தருகிறார்.