மணல் நிலத்தில் யூரியா ஏன் தங்குவதில்லை?

மணற்பாங்கான நிலத்தில், யூரியா இட்டும் நல்ல மழைக்குப் பின் பயிர் வெளிறிவிடுவதாக விவசாயிகள் பலர் கூறுகின்றனர். இதற்கு மண்ணின் மின்னூட்டமே முக்கிய காரணமாகும்.

தலை சீவிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதும் மின்னூட்டத்தால்தான். மாறுபட்ட மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும், ஒத்தவை விலக்கும். களிமண் துகளும் மக்கும் எதிர் மின்னூட்டம் உடையவை. யூரியா சில நாட்களில் நேர் மின்னூட்டமுள்ள அம்மோனியமாக மாறுகிறது. இதைக் களித்துகள்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். பின்னர் நுண்ணுயிர்கள் அதை எதிர் மின்னூட்டமுள்ள நைட்ரேட்டாக மாற்றுகின்றன. களித்துகள் இதைப் பிடிக்காததால், நீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடுகிறது. மணலில் களியும் மக்கும் குறைவு. ஆகவே அம்மோனியத்துக்கும் பிடிமானம் குறைவு.

45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 21 கிலோ தழைச்சத்து உள்ளது. ஒரே தடவையில் இட்டால் பெரும்பகுதி வீணாகலாம். 2015 முதல் நம் நாட்டு யூரியா முழுவதிலும் பூசப்படும் வேப்பெண்ணெய், நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துமே தவிர, தடுத்துவிடாது.

எனவே மணல் நிலத்தில் மேலுரத்தை மூன்று, நான்கு தடவையாகப் பிரித்து இடவும். இட்டபின் அளவாகவே நீர் பாய்ச்சவும். கனமழை வரும்போல் இருந்தால் உரமிடுவதைத் தள்ளிப்போடவும். ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுஉரம் ஆண்டுதோறும் இட்டு வந்தால், மண்ணின் பிடிமானம் படிப்படியாகக் கூடும்.