'டைம் இஸ் ஒஃப் த எசென்ஸ்' எழுத முன் ஒரு நிமிடம்

சில வருடங்களுக்கு முன் நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்காக ஒரு மொத்த வியாபாரியிடம் சாரம் ஓடர் கொடுத்தேன். சரக்கு நேரத்துக்கு வந்துவிட வேண்டுமே என்ற பதற்றத்தில், எங்கோ பார்த்த ஆங்கில வசனமொன்றைக் கடிதத்தின் கடைசியில் சேர்த்துவிட்டேன்: 'டைம் இஸ் ஒஃப் த எசென்ஸ்'. 'தாமதிக்க வேண்டாம்' என்பதைக் கொஞ்சம் கௌரவமாகச் சொல்வது அது என்பதே என் நினைப்பு.

அதே கடிதத்தில் நான் பணம் கட்ட வேண்டிய திகதியும் இருந்தது. நான் மூன்று நாள் பிந்தினேன். அதற்குள் விலை ஏறிவிட்டது. "நீங்கள் எழுதியதுதானே" என்று அவர் ஓடரை இரத்துச் செய்தார். முற்பணம் திரும்பி வந்தது, பெருநாள் வியாபாரம் போனது.

பேச்சில் இவ்வசனத்துக்கு 'அவசரம்' என்பதே பொருள். ஆனால் ஒப்பந்தத்தில் வந்தால், குறித்த காலம் உடன்படிக்கையின் உயிர்நாடி என்று அர்த்தம். ஒரு நாள் பிந்தினாலும் மற்றவர் ஒப்பந்தத்தையே முடித்துக்கொள்ளலாம். நமது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, வேறு எண்ணம் தெரியாதவிடத்து, பணம் செலுத்தும் காலம் அப்படி உயிர்நாடியாகக் கொள்ளப்படாது. அந்த 'வேறு எண்ணத்தை' நானே எழுதிக் கொடுத்திருந்தேன்!

சரக்கு விடயத்தில் நீதிமன்றங்கள் பொதுவாகவே கண்டிப்பானவை. மதராஸ் அரிசியை 1874 மார்ச், ஏப்ரல் மாதங்களில் கப்பலேற்றுவதாக ஓர் ஒப்பந்தம். அரிசியில் பெரும்பகுதி பெப்ரவரியிலேயே ஏற்றப்பட்டுவிட்டது. அரிசியில் குறையில்லை, பிந்தவும் இல்லை, முந்திவிட்டது. ஆயினும் வாங்கியவர் மறுத்தது சரியே என 1877இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

ஆகவே இவ்வசனத்தைப் பொதுவாக எழுதாதீர்கள். எந்தக் கடமைக்கு என்று சொல்லுங்கள். 'டைம் ஒஃப் டெலிவரி ஷல் பி ஒஃப் த எசென்ஸ்' என்றால் அது சரக்கு ஒப்படைப்பை மட்டும் கட்டும். திகதியையும் தெளிவாகப் போடுங்கள். 'த' என்ற சிறு சொல்லை நம்மவர் பலர் விட்டுவிடுகிறார்கள், அது மொழிப் பிழை. வெறுமனே அவசரப்படுத்தத்தான் என்றால் 'அர்ஜன்ட்' என்று எழுதினால் போதுமே.

பிந்தி வரும் சரக்கைப் 'பரவாயில்லை' என்று காத்திருந்து விட்டால் முதல் திகதியின் பலம் போய்விடும். அப்போது நியாயமான அவகாசத்துடன் புதிய கெடுவை எழுத்தில் கொடுக்க வேண்டும். ரோல்ஸ் ரொய்ஸ் கார் ஒன்றுக்கு பொடி கட்டும் வேலை பிந்திய வழக்கில், வாடிக்கையாளர் அப்படிக் கொடுத்த நான்கு வாரக் கெடு செல்லும் என 1950இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது.

எல்.சி. திறப்பவர்களுக்கு இன்னொன்று. 2007 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள யூ.சி.பி. 600 விதிகளின்படி 'உடனடியாக', 'இயன்றளவு விரைவில்' போன்ற சொற்களை வங்கி கணக்கிலெடுக்காது. கடைசிக் கப்பலேற்றல் திகதி எண்ணில் இருக்க வேண்டும்.

இப்போது என் ஓடர் புத்தகத்தில் அந்த வசனம் ஒப்படைப்புத் திகதிக்கு நேரே மட்டும் அச்சாகியிருக்கிறது. பணம் கட்டும் திகதிக்கு நேரே 'ஏழு நாள் சலுகை' என்று போட்டிருக்கிறேன். இதுவரை ஒருவர்தான் ஏனென்று கேட்டார்.