வீரர் குழுவில் நம்மவன்

சென்ற ஆண்டுகளில் நம் மாணவரிடையே நிகழ்ந்த சொற்போர்களுள் ஒன்று, கம்பராமாயணத்தைப் பற்றியதும் அன்று. தேர்தலைப் பற்றியதும் அன்று. ஜோகுபாளையத்துத் தேநீர்க் கடை ஒன்றின் முன், தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறி, பால் ஆடை கட்டும் வரை நீண்ட அவ்வழக்கு ஒரு படக்கதைப் பாத்திரத்தைப் பற்றியது. பவித்ர் பிரபாகர் என்பது அவன் பெயர். ‘இந்திய ஸ்பைடர் மேன்’ என்று உலகம் அழைப்பது அவனைத்தான். ‘அவன் நமக்குப் பெருமை’ என்றது ஒரு கட்சி. ‘அவன் நம்மை வைத்துச் செய்த பொம்மை’ என்றது மறு கட்சி. படக்கதை சிறுவர் பொருள்தானே, அதில் வழக்கு எதற்கு என்பார் உளர். நம்மை ஒத்த ஒருவனைப் பிறர் கூட்டத்தில் எவ்விடத்தில் நிறுத்துகிறார்கள் என்பது சிறு பொருள் அன்று என்பது என் கருத்து. ஆகவே இவ்வழக்கைச் சற்று முறையாக ஆராய்வோம்.

முதலில் பிறப்பு. 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மார்வெல் நிறுவனத்தின் இசைவுடன் கோத்தம் என்னும் நிறுவனம் இவனைப் படைத்தது. ஓவியம் தீட்டியவர் ஜீவன் காங். சரத் தேவராஜனும் சுரேஷ் சீதாராமனும் உடன் நின்றனர். நான்கு இதழ்களில் முடிந்த கதை அது. பீட்டர் பார்க்கர் பவித்ர் பிரபாகர் ஆனான். மே அத்தை மாயா அத்தை ஆனாள். பென் மாமன் பீம் மாமன் ஆனார். மேரி ஜேன் மீரா ஜெயின் ஆனாள். நியூயார்க் மும்பை ஆயிற்று. நீலச் சிவப்பு உடையின் மேல் ஒரு வேட்டி ஏறிற்று. இப்பெயர்களை உரக்கப் படித்துப் பாருங்கள். ஓசையை முதலில் பிடித்துக்கொண்டு, அதற்குள் ஓர் ஆளைத் தேடியிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

இதனைக் குறையெனக் கூறுவாரோடு நான் முழுதும் உடன்படவில்லை. வேற்று நிலத்துக் கதையை நம் நிலத்துக்கு மாற்றி நடுவது நமக்குப் புதிதன்று. பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். அங்கும் ஓசை ஒற்றுமைதான் பெயரைத் தந்தது. நட்டது வேர் பிடித்ததா என்பதே கேட்கத்தக்கது.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அமெரிக்கப் பீட்டரை ஓர் ஆய்வுக்கூடத்துச் சிலந்தி கடித்தது. கதிரியக்கம் ஏறிய சிலந்தி அது. பவித்ருக்கோ ஒரு யோகி தோன்றி ஆற்றலை அருளினார். பகைவனும் அவ்வாறே. அங்கே பசும்பூதமாக மாறியவன் இரசாயனத்தால் மாறினான். இங்கே நளின் ஓபராய் ஒரு தாயத்தால் அரக்கன் ஆனான். மேற்கே அறிவியல், கிழக்கே மந்திரம்! 1909 முதல் இந்திய அறிவியல் கழகம் நடைபெறும் ஊரில் இருந்துகொண்டு நாம் இதனைப் படிக்கிறோம். இக்கதையை நம்மவரே எழுதினர் என்பதையும் மறத்தல் ஆகாது. பிறர் நம்மை எவ்வாறு காண விரும்புவர் என்று எண்ணி நாமே அவ்வாறு வேடம் பூண்பது உண்டு. விடுதியில் வடநாட்டு நண்பர்கள் ‘மதராசி’ என்று அழைத்தால், அடுத்த நாள் அவர்களுக்காக வேண்டுமென்றே ‘ஐயோ’ என்று இழுத்துப் பேசிக் காட்டுகிறோம் அல்லவா? அது போன்றது.

தனி வீரனாக இருந்தவரை இக்குறைகள் அவனோடு நின்றன. குழுவில் சேர்ந்தபோதுதான் வழக்கு முற்றியது. 2014-இல் பல உலகச் சிலந்தி வீரர்களை ஒன்று கூட்டிய பெருங்கதையில் அவனும் வந்தான். 2015-இல் தொடங்கி மறு ஆண்டில் முடிந்த ‘வெப் வாரியர்ஸ்’ என்னும் தொடரில் அவன் நிலையான உறுப்பினன். அக்குழுவில் க்வென் உண்டு. இங்கிலாந்தின் வீரன் உண்டு. ஆன்யா என்னும் பெண் உண்டு. கறுப்பு வெள்ளைக் காலத்துத் துப்பறிவோன் உண்டு. பேசும் பன்றி ஒன்றும் உண்டு. இத்தகைய கூட்டத்தில் ஒருவனுக்கு இரு வழிகளே உள்ளன. தன் நாட்டின் பெயர்ப்பலகையைத் தாங்கி நிற்கலாம். அல்லது ஆளாக நிற்கலாம்.

இவ்விடர்ப்பாடு பழையது. 1975-இல் ‘எக்ஸ்-மென்’ குழுவைப் புதுப்பித்தபோது லென் வைனும் டேவ் காக்ரமும் பல நாட்டாரைத் திரட்டினர். கென்யாவிலிருந்து ஸ்டார்ம், செருமனியிலிருந்து நைட்கிராலர், உருசியாவிலிருந்து கொலோசஸ், சப்பானிலிருந்து சன்ஃபயர் என வந்தனர். அமெரிக்கத் தொல்குடியினனான தண்டர்பேர்டும் வந்தான். அவன் இரண்டாம் போரிலேயே மாண்டான். கால் நூற்றாண்டு கழித்து, 2000-ஆம் ஆண்டில், கல்கத்தாவைச் சேர்ந்த நீல் ஷாரா அக்குழுவில் சேர்ந்தான். அவனுக்கு என்ன பெயர் இட்டார்கள் தெரியுமா? தண்டர்பேர்ட்! கொலம்பசின் பிழை இன்னும் தீரவில்லை போலும்.

ஆனால் அதே குழுவில் ஸ்டார்ம் தலைவியானாள். வானிலையை ஆளும் தெய்வமாக வணங்கப்பட்டவள் என்னும் வழக்கமான வேடத்தோடு வந்தவள், பின்னர் கிரிஸ் கிளேர்மாண்ட் எழுதிய ஆண்டுகளில் அவ்வேடத்தைக் களைந்து, தன் அச்சங்களும் தன் முடிவுகளும் உடையவளாக வளர்ந்தாள். ஆகவே பெயர்ப்பலகையாகத் தொடங்கியதாலேயே ஒரு பாத்திரம் கெட்டுவிடுவதில்லை. ஆசிரியர் அவளுக்குக் காலம் கொடுத்தார்.

இங்கே நம் இலக்கியம் ஓர் அளவுகோல் தருகிறது. அகப்பாடல்களில் தலைவன், தலைவி, தோழி என்று வகைப்பெயரே உண்டு; இயற்பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய மரபு. தோழி நிறையப் பேசுவாள், அறிவுடையவள், சில இடங்களில் தலைவனையே திணற வைப்பாள். ஆயினும் அவளுக்கென ஒரு காதல் இல்லை, ஒரு பிரிவு இல்லை. அவ்விலக்கணம் அதற்கு மேல் அவளிடம் கேட்கவில்லை. சிலப்பதிகாரத்தில் நிலை வேறு. கவுந்தியடிகள் துணைப்பாத்திரந்தான். கோவலன் மாண்டது கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்விடுகிறார். அடைக்கலம் ஏற்ற மாதரி தீயில் புகுகிறாள். பிறர் கதையில் வழித்துணையாக வந்தவர்கள் தம் சொல்லுக்காகத் தம் உயிரையே இழக்கிறார்கள். குழுக்கதையில் ஒருவன் தோழியா, கவுந்தியா என்று கேட்டால் வழக்கில் பாதி தீரும்.

2023 சூன் திங்களில் வெளிவந்த ‘அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்’ திரைப்படத்துக்கு இதே அளவுகோலை வைப்போம். தமிழும் கன்னடமும் உட்படப் பத்து மொழிகளில் அது இந்தியாவில் திரையிடப்பெற்றது. அதில் மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த ‘மும்பாட்டன்’ என்னும் நகரம் வருகிறது. அந்நகரின் நிறமும் கோடும் பழைய இந்திரஜால் காமிக்ஸ் இதழ்களை நினைந்து தீட்டப்பட்டவை. 1964 முதல் வேதாள மாயாத்மாவை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்தவை அவ்விதழ்கள்; நம் பெற்றோருள் பலர் அறிவர். யோகி இல்லை, நாணம் இல்லை. துள்ளும் முடியும் துடுக்கு வாயும் கொண்டவனாகப் பவித்ர் வருகிறான். ‘சாய் டீ’ என்ற மைல்ஸை அவன் இடித்துரைக்கும் இடத்தில் அரங்கு சிரித்தது, நானும் சிரித்தேன். பின்னர், நாம் ‘நடு சென்டர்’ என்று சொல்வது நினைவுக்கு வந்தது. படக்குழுவில் இருந்த இந்தியர்கள் முதல் வடிவத்தில் குறை கண்டு கூறியபின் அப்பகுதி மாற்றப்பட்டது என்றும் செய்தி உண்டு. உடன் இருந்து குறை சொல்ல ஒருவர் இருப்பதன் பயன் அது.

வேடம் திருந்தியது, ஐயமில்லை. இடம் திருந்தியதா? பாலம் இடிகிறது. பவித்ரின் காதலி காயத்ரியின் தந்தை, காவல் ஆய்வாளர், சாகவேண்டிய தறுவாயில் காப்பாற்றப்படுகிறார். காப்பாற்றியவன் மைல்ஸ். ‘அவர் செத்திருக்க வேண்டும், இல்லையேல் அவ்வுலகம் அழியும்’ என்று மிகெல் என்பவன் மைல்ஸிடம் வாதிடுகிறான். படத்தின் உயிரான வழக்கு அதுவே. அழியக்கூடிய உலகம் பவித்ருடையது. சாகவேண்டியவர் அவன் காதலியின் தந்தை. ஆனால் அவ்வழக்கில் பவித்ர் ஒரு சொல்லும் பேசவில்லை. அவன் அங்கே இல்லவே இல்லை! இறுதியில் க்வென் திரட்டும் குழுவில் சிரித்த முகத்துடன் நிற்கிறான். இதனைப் பெருமைக் கட்சியிடம் கூறியபோது, ‘பதினைந்து நிமிடத்தில் எத்தனை செய்ய முடியும்?’ என்றனர். நியாயமான கேள்விதான். ஸ்டார்முக்கும் பல ஆண்டுகள் பிடித்தன. ஆயினும் ஒரே ஒரு காட்சி, ‘என் மாமனாரைப் பற்றி என்னை ஏன் கேட்கவில்லை?’ என்று அவன் கேட்கும் ஒரு காட்சி, நிமிடத்தை மிகுதியாகத் தின்றிராது.

மறு கட்சிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘நம்மவன் என்றால் நம் உடை, நம் ஊர், நம் பெயர் வேண்டும்’ என்கின்றனர். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டது. மாயாவியின் இயற்பெயர் லூயிஸ் கிராண்டல். 1962-இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ இதழில் பிறந்த ஆங்கிலேயன். மின்சாரம் பாய்ந்தால் மறைந்து, இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்கும். அவனுக்கு வேட்டி கட்டவில்லை. முருகேசன் என்று பெயர் மாற்றவில்லை. முதலில் தீயவனாக இருந்து, பின் திருந்தி, தன் கையையே தன் பழியாகச் சுமந்தான். தமிழ்ச் சிறுவர் அவனைத் தம்மவனாகக் கொண்டனர். மின் இணைப்பில் விரலை வைத்துப் பார்க்கத் துணிந்தவர்களையும் நான் அறிவேன்; என் தந்தையார் அவர்களுள் ஒருவர்.

அன்று தேநீர்க் கடையில் வழக்கு முடியவில்லை. கடைக்காரர் விளக்கை அணைத்தார். அடுத்த கிழமை, ஓவியம் பயிலும் நண்பர் ஒருவர் தாளொன்றைக் கொண்டுவந்தார். பவித்ர் மிகெலின் எதிரே நிற்கிறான், வாய் திறந்திருக்கிறது, மேலே பேச்சுக் குமிழி வெறுமையாக இருக்கிறது. எதை எழுதுவது என்று நாங்கள் இன்னும் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறோம்.