36 வயதில் சட்டக் கல்லூரி, கையில் ஒரு தீர்ப்பு நகல்

மூன்றாண்டு சட்டப் படிப்பில் நான் சேர்ந்தது 2022இல். அப்போது வயது 36. வகுப்பில் பெரும்பாலோர் அந்த வருஷம்தான் பட்டம் முடித்த பிள்ளைகள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 326ஆம் பிரிவைப் புத்தகத்தில் படிக்க அவர்கள் வந்தார்கள். நான் அந்தப் பிரிவில் தண்டனையை முடித்துவிட்டு வந்தேன். ஊர்க் கோயில் கொடை விழாவில் நடந்த தகராறு அது. அந்தக் கதையை நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டதால் இங்கே மறுபடி சொல்லப் போவதில்லை.

உள்ளே இருந்து வந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “அண்ணாச்சி, கேஸ் இருந்தா காலேஜ்ல சேத்துக்குவாங்களா?” என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். வழக்கைவிட என்னை அதிகம் அலையவிட்டது காகிதங்கள்தான். எந்த இடத்தில் என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயம் பாதியாகக் குறையும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படிப்பின் வரிசை குலையக் கூடாது

நான் பத்தாவதோடு நின்றவன். சிறையில் இருக்கும்போது, “பன்னிரண்டாவது எதுக்கு? திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல நேரா டிகிரி போட்டுடலாம்” என்று சொன்னவர்கள் உண்டு. அப்படி ஒரு வழி இருந்தது உண்மைதான். ஆனால் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று தமிழக அரசு 2009இலேயே அரசாணை போட்டுவிட்டது. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளும் அடிப்படைக் கல்வி இல்லாமல் நேரடியாக வாங்கிய பட்டத்தை ஏற்பதில்லை.

எங்கள் பிளாக்கில் இருந்த பெரியவர் ஒருவர் இதை விவரமாகச் சொன்னார். அதனால் முதலில் தனித்தேர்வராகப் பன்னிரண்டாவது எழுதினேன். அதன் பிறகே இக்னோவில் பி.ஏ. சேர்ந்தேன். சிறைவாசிகளுக்கு இக்னோவில் கட்டணம் கிடையாது. மூன்று வருஷப் பட்டத்தை முடிக்க ஆறு வருஷம் வரை அவகாசம் உண்டு. ஜாமீன், பரோல், சிறை மாற்றம் என்று இடையில் எது வந்தாலும் இந்த அவகாசம் கைகொடுக்கும்.

தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலை முதலாமாண்டுக்கு வயது வரம்பு இருக்கிறது. முப்பதைத் தாண்டியவர்களுக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் வாசல். பட்டத்துக்குப் பிறகு நான் மூன்றாண்டு சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது என் வயது தடையாக இருக்கவில்லை. அங்கே பார்த்தது பட்டப்படிப்பு மதிப்பெண்ணைத்தான். அதனால் உள்ளே படிக்கும்போதே ‘பாஸ் ஆனால் போதும்’ என்று இருந்துவிடாதீர்கள். இக்னோவில் ஒப்படைப்புகளுக்கு மட்டும் 30 சதவீதம். அதை நேரத்தோடு எழுதிக் கொடுத்தாலே மதிப்பெண் ஏறும்.

ஒரு ஃபைல் போடுங்கள்

விடுதலையானதும் முதல் வேலை இதுதான். பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், ஆதார் இவற்றோடு தீர்ப்பின் சான்றிட்ட நகல், சிறையில் தந்த விடுதலைச் சான்று இரண்டையும் சேர்த்து வையுங்கள். மேல்முறையீடு போயிருந்தால் அந்தத் தீர்ப்பும் வேண்டும்.

நான் உள்ளே இருந்த காலத்தில் வீடு மாறியதில் பத்தாவது மதிப்பெண் பட்டியல் தொலைந்துவிட்டது. மாற்றுப் பட்டியல் வாங்கக் காணாமல் போனதற்குப் போலீஸ் அறிக்கை வேண்டும் என்றார்கள். எந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று நினைத்திருந்தேனோ அங்கேயே போக வேண்டுமா என்று சில வாரம் தள்ளிப்போட்டேன். தொலைந்த ஆவணங்களுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே அறிக்கை பதியலாம் என்று இ-சேவை மையத்துப் பெண் சொன்ன பிறகுதான் நிம்மதி வந்தது.

இனிஷியலையும் பாருங்கள். எஃப்.ஐ.ஆரில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், ஆதாரில் வேறொன்று என்று பலருக்கும் இருக்கிறது. மற்றவர்களுக்கு அது எழுத்துப்பிழை. நமக்கோ ‘பெயரை மாற்றி மறைக்கப் பார்க்கிறான்’ என்ற சந்தேகம் வரும். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.

கேட்டதற்குப் பதில், முழுப் பதில்

விண்ணப்பத்தில் கேள்வியை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ‘வழக்கு நிலுவையில் உள்ளதா’, ‘தண்டனை பெற்றவரா’, ‘எப்போதாவது வழக்குப் பதிவானதா’ என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் விடுவித்தவர் இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று எழுதலாம், மூன்றாவதற்கு எழுத முடியாது. பதினெட்டு வயதுக்கு முன் நடந்த வழக்கு என்றால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவைப் பாருங்கள். சில கொடுங்குற்ற விதிவிலக்குகள் தவிர, அந்தத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு அவர்களைத் தொடராது.

கேட்காத இடத்தில் நீங்களாகப் போய் ஒப்பிக்க வேண்டியதில்லை. கேட்ட இடத்தில் மறைக்கவே கூடாது. 2024 செப்டம்பரில் இந்திய பார் கவுன்சில் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சட்ட மாணவர்கள் தங்கள் மீதான எஃப்.ஐ.ஆர்., வழக்கு, தண்டனை, விடுதலை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால்தான் இறுதி மதிப்பெண் பட்டியலும் பட்டமும் கிடைக்கும் என்று அதில் இருந்தது. நான் அப்போது இறுதியாண்டு. வகுப்பில் பலருக்குக் கலக்கம். போராட்டத்தில் கைதான பழைய வழக்கு, குடும்பத் தகராறில் சேர்க்கப்பட்ட பெயர் என்று ஆளுக்கொன்று இருந்தது. என் ஃபைல் தயாராக இருந்ததால் வழக்கு எண், பிரிவு, தீர்ப்புத் தேதி, விடுதலைத் தேதி என்று ஒரே பக்கத்தில் எழுதி நகல்களை இணைத்துக் கொடுத்தேன்.

வேலைக்குப் போகும்போதும் இதே கணக்குதான். அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னவரின் விஷயத்தில் வேலை கொடுப்பவர் சூழ்நிலையைப் பார்த்து முடிவெடுப்பார். வேலை உறுதி என்று அதற்கு அர்த்தம் இல்லை. முக்கியமான விவரத்தை மறைத்தவருக்கு மறைத்ததே தனிக் காரணமாகி வேலை போகலாம்.

கோட்டு போட முடியுமா?

சட்டம் படிக்க நினைப்பவர்கள் வழக்கறிஞர்கள் சட்டம், 1961இன் 24ஏ பிரிவைச் சேரும் முன்பே படியுங்கள். ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் வழக்கறிஞராகப் பதிய முடியாது. ஆனால் விடுதலையாகி இரண்டு வருஷம் முடிந்தால் அந்தத் தடை விலகும். நன்னடத்தைச் சட்டம், 1958இன் கீழ் விடப்பட்டவருக்கு அந்தத் தடை கிடையாது. எது ஒழுக்கக்கேடான குற்றம் என்று சட்டம் பட்டியல் போடவில்லை. ஆகவே உங்கள் பிரிவையும் தீர்ப்பையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுக் கட்டணம் 750 ரூபாயை, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணம் இல்லையே என்று படிப்பைக் கைவிட வேண்டாம்.

வகுப்பில்

முதல் வாரம் என்னை ஆசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். அடுத்த வாரம் ‘அண்ணாச்சி’ ஆனேன். குற்றவியல் வகுப்பில் சார், “324க்கும் 326க்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டார். சாதாரணக் காயம், கொடுங்காயம் என்று தொடங்கி எந்தெந்தக் காயம் கொடுங்காயம் என்பது வரை சொல்லி முடித்தேன். “நல்லாப் படிச்சிருக்கீங்க” என்றார். 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்து அந்த இரண்டும் 118ஆம் பிரிவுக்குள் போனபோது எல்லோரையும் போல நானும் புதிதாக மனப்பாடம் செய்தேன்.

ஒரு ஆசிரியரிடம் மட்டும் முதல் பருவத்திலேயே விஷயத்தைச் சொல்லியிருந்தேன். பின்னால் ஏதாவது புகார் வந்தால், முன்பே தெரிந்த ஒருவர் நமக்காகப் பேசுவார். சக மாணவர்களுக்கும் நாளாவட்டத்தில் தெரிந்தது. இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரைத் தட்டினாலே வழக்கு வந்துவிடும். யாருக்கும் தெரியாது என்று நம்பிப் படிக்காதீர்கள். உங்கள் பெயரை நீங்களே ஒருமுறை தேடி, அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டவர்களுக்கு இரண்டு வரியில் சொன்னேன். இரண்டு பேர் விலகிப் போனார்கள். மற்றவர்கள் நோட்ஸ் கேட்டு வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

வயிற்றுப்பாடும் வருகைப் பதிவும்

சட்டப் படிப்பில் பாடத்துக்கு 70 சதவீத வருகை வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. முழுநேர வேலை பார்ப்பவர் அதைத் தெரிவித்து, தடையின்மைச் சான்றும் தர வேண்டும். நான் விடிகாலையில் காய்கறி மார்க்கெட்டில் கணக்கு எழுதிவிட்டு வகுப்புக்குப் போனேன். வகுப்பு நேரத்தோடு மோதாத வேலையாகத் தேடுங்கள். கூலி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொரு வழக்கு வேண்டாம்

திருவிழா, தேர்தல் என்றால் பழைய வழக்கு உள்ளவர்களைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்வது உண்டு. தேர்வுக் காலம் என்றால் ஹால் டிக்கெட் நகலோடு ஒரு மனு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். எனக்கு அது வேலை செய்தது. மறியல், கல்லூரிச் சண்டை, ஊர்ப் பஞ்சாயத்து எதிலும் நிற்காதீர்கள். மற்ற மாணவருக்கு அது ஒரு வழக்கு. நமக்கு அது இரண்டாவது வழக்கு. “பயந்தாங்கொள்ளி” என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

2025இல் படிப்பை முடித்தேன். வழக்கறிஞராகப் பதிய விண்ணப்பம் கொடுத்து, காவல்துறை விசாரணைக்காகக் காத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது உள்ளே இருந்தால் அடுத்த முறை பார்க்கப் போகும்போது ஒன்றைக் கேளுங்கள்: பன்னிரண்டாவது எழுதியாச்சா? இல்லையென்றால் அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு அங்கே இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தர வேண்டும் என்பது சட்டம். தயங்காமல் போய்க் கேளுங்கள்.