ஓ லெவலில் குறைவு, ஏ லெவலில் நல்ல பெறுபேறு: எங்கே விண்ணப்பிக்கலாம்?



போன வாரம் பெரட்டுக் களத்தில் ஓர் அம்மா என்னை நிறுத்திக் கேட்டார். "அய்யா, மகள் ஏ லெவல்ல ரெண்டு பி, ஒரு சி எடுத்திருக்கு. ஆனா ஓ லெவல்ல இங்கிலீசுக்கு டபிள்யூ. அப்ப கேம்பஸ் கெடைக்காதுதானே?" இதே கேள்வியோடு வந்தவர்களில் அவர் மூன்றாவது ஆள். அதனால்தான் இந்தப் பாடம்.

முதலில் பயத்தை விடுங்கள். வகுப்பில் தவணைப் பரீட்சைக்கு எத்தனையாம் பிள்ளை என்பதைப் பல்கலைக்கழகம் கேட்பதே இல்லை. மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தி, பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி, இவை இருந்தால் விண்ணப்பிக்கலாம். அதற்குப் பிறகு பார்ப்பது இசட் புள்ளியை. ஒரு பாடத்தில் எல்லாப் பிள்ளைகளும் எடுத்த சராசரியை விட உங்கள் பிள்ளை எவ்வளவு மேலே நிற்கிறது என்பதைக் காட்டும் கணக்கு அது. ஆகவே கஷ்டமான பேப்பரில் எடுத்த 60, லேசான பேப்பரில் எடுத்த 70ஐ விடப் பெறுமதியாக இருக்கலாம்.

ஓ லெவலை எங்கே பார்க்கிறார்கள்? சில பாடநெறிகளுக்கு மட்டும் கணிதம், ஆங்கிலம் போன்றவற்றில் இன்ன சித்தி வேண்டும் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் போட்டிருக்கும். அந்த வரியைப் படிக்காமல் நிரப்பினால் வீணாகிப் போகும். ஆனால் டபிள்யூ வந்த ஒரு பாடத்தை மட்டும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மறுபடி எழுதலாம். ஏ லெவல் படிக்கும்போதே எழுதிவிடுவது நல்லது. நம்ம ஆட்கள் இதைச் செய்வதில்லை, "முடிஞ்சது முடிஞ்சதுதான்" என்று விட்டுவிடுகிறோம்.

இனி மாவட்ட விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்ட சனத்தொகைக் கணக்கில், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பதினாறில் உண்டு. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். உங்கள் மாவட்டம் எது என்பதைத் தீர்மானிப்பது பரீட்சைக்கு முந்திய மூன்று வருஷம் படித்த பாடசாலை. லயத்து விலாசம் கணக்கில் வராது. "டவுன் ஸ்கூல் நல்லது" என்று கடனை வாங்கி, பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்புகிற தகப்பன்மார் இதை யோசித்தார்களா? நல்ல விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையிலேயே இரு என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப வரிசையில் எழுதுவது இன்னொரு இடம். உண்மையில் எது வேண்டுமோ அதை மேலே போடுங்கள். எட்டாது என்று பயந்து கீழே போட்டால், புள்ளி போதுமாக இருந்தும் முன்னால் எழுதியதே கிடைக்கும். போன வருஷத்து வெட்டுப்புள்ளியைப் பார்த்து, எட்டக்கூடியதையும் பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேம்பஸ் வராவிட்டால்? கல்வியியற் கல்லூரிகள் உண்டு, நம் பக்கத்துக்குப் பத்தனை ஸ்ரீபாத. இவை வர்த்தமானியில் அறிவிப்பு வந்த பிறகே. இங்கே ஓ லெவல் பெறுபேறும் பார்ப்பார்கள், நேர்முகமும் உண்டு. உயர் தொழில்நுட்ப நிறுவகங்களில், பதுளையிலும் கண்டியிலும், கணக்கியல், தகவல் தொழில்நுட்பம் போன்ற உயர் டிப்ளோமா படிக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கத் திறந்த பல்கலைக்கழகம். பெருந்தோட்டப் பிள்ளைகள் இவற்றைக் குறைவாக எண்ணக் கூடாது, டிப்ளோமா முடித்து நல்ல சம்பளத்தில் இருப்பவர்களை நானே அறிவேன்.

செலவுக்கு மகாபொல இருக்கிறது, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உதவிப் பணமும் இருக்கிறது. அதற்கு வருமான அத்தாட்சியைக் கிராம சேவகரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று நம் லயங்களில் எத்தனை பேர்! அதைத் திருத்த மாதக் கணக்கில் ஆகும், முடிவு வந்த பிறகு ஓடித் திரிய நேரம் இருக்காது.

அந்த அம்மாவின் மகள் இப்போது ஆங்கிலத்துக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள். மற்றவர்கள் சனிக்கிழமை, பிள்ளையையும் சான்றிதழ்களையும் கூட்டிக்கொண்டு நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். கைநூல் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது.