கண்டிகோட்டாவில் ஒற்றைக் கூடாரம்

எங்கள் ஆழ்வார்குறிச்சியில் மேற்கே திரும்பினால் மலைதான். கடனா அணையைத் தாண்டினால் அத்ரி மலைக்கு ஏறும் பாதை. ஆனால் அந்தக் காட்டில் ராத்தங்க முடியாது. 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமான நிலம் அது. வனத்துறையிடம் அனுமதி வாங்கிக் காலையில் ஏறி, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். இந்த விதி எனக்கு முழுச் சம்மதம். 2022 நவம்பரில் சிவசைலம் பக்கம் கரடி ஒன்று மூன்று பேரைக் கடித்துக் குதறியது நடுக்காட்டில் அல்ல, ஊரோரத்தில். அதற்கு முன், 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. 2024-ல் வனத்துறையே மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் திறந்து வழிகாட்டியோடு அழைத்துப்போகத் தொடங்கியது. எல்லாம் நல்லதற்கே. ஆனால் வெட்டவெளியில் தன்னந்தனியாக ஒரு ராத்திரியைக் கழிக்கும் ஆசைக்கு இங்கே வழியில்லை. அதற்காகத்தான் நான் கண்டிகோட்டாவுக்குப் போய் வருகிறேன்.

ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், எர்ரமலைக் குன்றுகளை வடபெண்ணையாறு அறுத்துக்கொண்டு போன இடம் அது. நம் வீட்டு அடுப்படிக்கு வாங்கும் கடப்பா கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போலச் சிவந்த பாறைகள் ஏறக்குறைய 300 அடிக்குச் செங்குத்தாக இறங்கும். அடியில் ஆறு. விளிம்பில் கோட்டை, மாதவராயர் கோயில், ஜும்மா மசூதி, தானியக் களஞ்சியம். பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட கோட்டையை 17-ம் நூற்றாண்டின் நடுவில் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா பிடித்தார். பிரெஞ்சு ரத்தின வியாபாரி தவேர்னியே 1652-ல் அவரை இங்கே வந்துதான் சந்தித்தார். பாலைவனம் என்று வரைபடத்தில் பேர் இல்லாவிட்டாலும், ராயலசீமையின் காய்ச்சல் வெயிலும் முள்ளும் மொட்டைப் பாறையும் பாலையில் நடக்கிறவனுக்கு வேண்டிய பாடங்களையெல்லாம் கற்றுத் தந்துவிடும்.

அவற்றில் முதலாவது, நம் மலைப் பழக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொள்வது. அத்ரி மலையில் ஏற்றம் முதலில் வரும். களைத்துப் போனால் திரும்பிவிடலாம், திரும்பும் வழி இறக்கம். பள்ளத்தாக்கில் அப்படி இல்லை. உடம்பு தெம்பாக இருக்கும் விடியலில் இறக்கம், வெயில் ஏறிக் கால் சோர்ந்த நேரத்தில் ஏற்றம். இறங்கும்போது வரும் உற்சாகத்தை நம்பவே கூடாது. இறங்க ஆகும் நேரத்தைப்போல் இரண்டு பங்கு ஏறுவதற்கு வேண்டும் என்று கணக்குப் போட்டு, இன்ன மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிடுவேன் என்று கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்கள். நான் விடியும்போது இறங்குவேன், பத்து மணிக்குள் மேலே ஏறி வந்துவிடுவேன். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனிலும் கோடையில் காலை பத்து முதல் மாலை நாலு வரை பள்ளத்துக்குள் நடக்க வேண்டாம் என்றுதான் பூங்காக்காரர்கள் எச்சரிக்கிறார்கள். வெயில் தலைக்கு மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. சூடேறிய பாறை பக்கவாட்டிலும் அனல் வீசும். கையை ஊன்றினால் சுடும்.

இறங்கும் வழியெல்லாம் உருண்டு கிடக்கும் பாறைகள். வீடு மாதிரி அசையாமல் தெரிகிற கல்லும் ஆடும். காலை வைத்து அழுத்திப் பார்த்த பிறகே முழுப் பாரத்தையும் இறக்க வேண்டும். கூட ஆள் இருந்தால் கணுக்கால் பிசகுவது சின்ன விஷயம். தனியாக இருக்கிறவனுக்கு அதுவே பெரிய ஆபத்து.

தண்ணீர் ஒரு நாளைக்கு நாலு லிட்டராவது வேண்டும். அதை ஒரே கேனில் கொண்டுபோகாதீர்கள். ஒன்று உடைந்தாலும் மிச்சம் இருக்கும்படி மூன்று நாலு பாட்டிலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கீழே ஆறு இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க முடியாது. வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டே இருந்தாலும் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலைசுற்றலும் குமட்டலும் வரும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட், உப்புக் கடலை, ஊறுகாயோடு புளியோதரை என்று ஏதாவது உப்பு உள்ளே போக வேண்டும். முழுக்கைப் பருத்திச் சட்டை, தலையில் நனைத்த துண்டு. நம் வயல்காரர்கள் செய்வதைவிட மேலான ஏற்பாட்டை நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

ஆற்றைப் படிக்க என் பெரியப்பா சொல்லிக் கொடுத்தார். கடனா ஆற்றில் குளிக்க இறங்கும்போதெல்லாம், "ஏல, தண்ணி கலங்கி, சருகு மிதந்து வந்தா யோசிக்கப்படாது. மேல ஏறிரு" என்பார். ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மலையில் கொட்டிய மழை ஆற்றில் வந்து நிற்கும். வடபெண்ணைக்கும் அதே நியாயம்தான். அது கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து வருகிறது. போதாக்குறைக்குப் பள்ளத்தாக்குக்கு மேலே கண்டிகோட்டா அணை, கீழே மைலவரம் அணை. மேலிருந்து திறந்துவிட்டால் இங்கே ஏறும். அதனால் கண்டிகோட்டாவில் மழை இல்லை என்பதை மட்டும் வைத்துக் கீழே இறங்கிவிடாதீர்கள். அணையில் தண்ணீர் திறக்கிறார்களா என்று உள்ளூரில் கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இறங்கவே வேண்டாம்.

இனி ராத்திரி. கோட்டையின் பழஞ்சின்னங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. கூடாரம் அடிக்க அவற்றுக்கு வெளியேதான் இடம் பார்க்க வேண்டும். வாடகைக் கூடாரக்காரர்கள் இருக்கும் பக்கமாகவே நான் அடிப்பேன், கூப்பிட்டால் குரல் எட்டும் தூரத்தில். விளிம்பில் பெரும்பாலும் கைப்பிடிச் சுவரே கிடையாது. அழகான இடம் விளிம்பு ஓரம்தான், ஆனாலும் முப்பது அடியாவது தள்ளி அடியுங்கள். கூடார வாசலை விளிம்புக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். நடுராத்திரியில் தூக்கக் கலக்கத்தில் வெளியே வருகிற கால் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை வெளிச்சம் இருக்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும். பாறைத் தரையில் முளை இறங்காது, அதனால் கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றிக் கட்டுங்கள். ராத்திரி பள்ளத்திலிருந்து ஏறிவரும் காற்று லேசுப்பட்டதல்ல. செருப்பையும் ஷூவையும் கூடாரத்துக்குள் வைத்து, காலையில் உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும். பாம்பு கடித்தால் கீறவும் கட்டவும் வேண்டாம். அசையாமல் இருந்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஜம்மலமடுகு 15 கிலோமீட்டர்தான்.

இத்தனை ஏற்பாடும் எதற்கு? கூடாரத்து விளக்கை அணைத்த பின் வரும் அந்த நேரத்துக்கு. பேச ஆள் இல்லை, செய்ய வேலை இல்லை. மனசு முதலில் வீட்டுக் கணக்கு, ஆபீஸ் கணக்கு என்று சுற்றும். கொஞ்ச நேரத்தில் அதுவும் ஓய்ந்துவிடும். அதுவரை கேட்காத சத்தங்கள் அப்புறம்தான் கேட்கும். கூட்டத்தோடு போனவர்களுக்கு இது கிடைப்பதில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். சென்னையிலிருந்து மும்பை வழித்தடத்து ரயிலில் போய் எர்ரகுண்ட்லாவிலோ முத்தனூரிலோ இறங்கி, ஜம்மலமடுகு வழியாகப் போகலாம். சனி, ஞாயிறு கூட்டம். நடுவாரத்தில் போங்கள். பள்ளத்துக்குள் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. எந்தப் பக்கம் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு ஏறிவிடுவீர்கள், அந்த நேரத்துக்குத் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள். அதே விவரத்தைக் கூடாரக்காரரிடமும் சொல்லுங்கள். விளிம்பெங்கும் உடைந்த பாட்டில் கிடக்கிறது. உங்கள் குப்பையோடு இன்னொருவர் குப்பையும் ஒரு பை சேர்த்து எடுத்து வாருங்கள்.